முகம் திருத்தும் கலை: பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை பற்றி ஒரு நோக்கு

"பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை" என்றதும், முகத்தினுள்ளே பிளாஸ்டிக் துண்டு வைத்துத் தைப்பார்கள் என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். உண்மையில் நாம் வாளியும் போத்தலும் செய்கின்ற பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. "பிளாஸ்டிகோஸ்" என்ற கிரேக்கச் சொல்லுக்கு உருக்கொடுத்தல், வனைதல் என்று பொருள். குயவர் களிமண்ணை வனைவதைப் போல வைத்தியர் தசையையும் தோலையும் வனைகிறார் என்ற கருத்தில் வந்த பெயர் இது. ஜேர்மனிய வைத்தியர் கார்ல் பேர்டினண்ட் வொன் கிராஃபே மூக்கை மீளமைப்பது பற்றிய தமது நூலுக்கு 1818இல் இச்சொல்லைச் சேர்த்துத் தலைப்பிட்டார். முதலாவது செயற்கைப் பிளாஸ்டிக்கான பேக்கலைற் 1907இல்தான் வந்தது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி என்பதால், இடைவேளையில் தோழியர் இது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. எந்த நடிகை மூக்கைத் திருத்தினார், எந்தப் பாடகி உதட்டைப் பெருப்பித்தார் என்று தொடங்கும் பேச்சு, "நாங்களும் செய்தால் என்ன?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். அந்தக் கேள்விக்குச் சிரித்துவிட்டுப் போகலாம், கோபிக்கவும் செய்யலாம். ஆனால் கேட்பவள் ஏதோ ஒரு வேதனையோடுதான் கேட்கிறாள். எனவே நான் வாசித்தறிந்தவற்றையும் எங்கள் குடும்பத்தில் கண்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

காயத்தில் பிறந்த கலை

அழகு நிலையங்களில் பிறந்த கலையன்று இது. பண்டைய இந்தியாவில் மூக்கை அறுப்பது ஒரு தண்டனையாக இருந்தது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோல் கொண்டு மீளமைக்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய வைத்திய நூல் விளக்குகிறது. கிழிந்த காது மடலைச் சீராக்கும் முறைகளும் அதில் உள்ளன. முஸ்லிம் ஸ்பெயினின் குர்துபா நகருக்கு அருகே வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 30 பகுதிகள் கொண்ட "அத்தஸ்ரீப்" என்ற தமது நூலின் கடைசிப் பகுதி முழுவதையும் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். கருவிகளின் படங்களை வரைந்து அவர் எழுதிய அப்பகுதி இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது.

1794ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் சஞ்சிகை ஒன்றில் ஒரு செய்தி வெளியானது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்பு சுல்தானுடனான போரில் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டின் பின், பூனாவுக்கு அருகில் வாழ்ந்த செங்கல் சூளைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் கோவாஸ்ஜியின் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். இச்செய்தியால் தூண்டப்பட்ட ஜோசப் கார்ப்பியூ என்ற ஆங்கில வைத்தியர் 1814இல் இலண்டனில் அதே முறையைச் செய்து பார்த்து வெற்றி கண்டார். ஐரோப்பிய வைத்தியர்கள் நம் பிராந்தியத்தின் ஏட்டுப் படிப்பில்லாத ஒரு கைவினைஞரிடமிருந்து பாடம் கற்ற சந்தர்ப்பம் அது.

நெற்றித் தோலை முழுவதுமாக வெட்டியெடுத்து ஒட்டினால் அது வாடிவிடக்கூடும். ஆகவே புருவங்களுக்கிடையே ஒரு முனையை வெட்டாமல் விட்டு, குருதி ஓட்டம் அறாதபடி தோலைத் திருப்பி மூக்கின் மேல் பொருத்தினார்கள். புதிய இடத்தில் குருதிக் கலன்கள் வளர்ந்த பின்பே அந்த முனை அறுக்கப்படும். இன்றைய சத்திரசிகிச்சையாளரும் இதே தத்துவத்தைப் பயன்படுத்துகின்றனர்.

முதலாம் உலகப் போரில் பதுங்கு குழிகளிலிருந்து தலையை உயர்த்திய இளைஞர்கள் பலர் தாடையையும் மூக்கையும் இழந்தனர். அவர்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்ற இடத்தில் தனி வைத்தியசாலை திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்த ஹரோல்ட் கிலீஸ் தலைமையில் 5,000க்கும் மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெற்றனர். அங்குள்ள நோயாளர் விடுதிகளில் கண்ணாடி வைக்க அனுமதி இருக்கவில்லை. வைத்தியசாலையிலிருந்து ஊருக்குச் செல்லும் பாதையில் சில இருக்கைகளுக்கு நீல நிறம் பூசியிருந்தார்கள். அவற்றில் காயமுற்ற முகத்தோடு ஒருவர் அமர்ந்திருக்கலாம், பார்த்து அதிர வேண்டாம் என்று ஊராருக்குச் சொல்லும் அடையாளம் அது.

இரு கிளைகள்

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் இரு பெரும் கிளைகள் உண்டு. ஒன்று மீளமைப்புச் சிகிச்சை. பிறவிக் குறை, விபத்து, எரிகாயம், புற்றுநோய் ஆகியவற்றால் கெட்ட உறுப்பை அதன் தொழிலுக்கும் தோற்றத்துக்கும் மீட்பது அதன் நோக்கம். மற்றையது அழகியற் சிகிச்சை. நோயோ காயமோ இல்லாத உறுப்பை விரும்பிய வடிவத்துக்கு மாற்றுவது அது.

மீளமைப்புக்கு நல்ல உதாரணம் உதட்டுப் பிளவு. உலகில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றில் உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு காணப்படுகிறது. உதட்டுப் பிளவைக் குழந்தைக்குச் சில மாதங்களிலேயே சீர்செய்கிறார்கள். அண்ணப் பிளவைப் பேச்சு தொடங்குமுன் மூடுவது சிறந்தது, இல்லாவிடில் சொற்கள் மூக்கினூடாகக் கசியும். 1984இல் பிரித்தானிய வைத்தியர் குழு ஒன்று காலிக்கு வந்து நம் நாட்டு வைத்தியர்களோடு இணைந்து பணியாற்றியபோது, சத்திரசிகிச்சையே கிடைக்காமல் வளர்ந்து பெரியவர்களானவர்கள் பலர் முன்வந்தார்கள். எங்கே போவது என்று தெரியாமலும், மறைத்து வைத்தும் கழிந்த வருடங்கள் அவை. இன்று இந்தச் சிகிச்சை அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் அயலில் இப்படியொரு குழந்தை பிறந்தால் கிரகணத்தையும் கண்ணூறையும் பேசி நாளைக் கடத்தாமல், உடனே வைத்தியரிடம் அனுப்பிவையுங்கள்.

எரிகாயமும் அவ்வாறே. நம் நாட்டில் மின்சாரமில்லாத வீடுகளில் குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்தை ஆற்றுவதோடு நின்றுவிடவில்லை. மார்மைட் போத்தலைப் பார்த்து, எளிதில் கவிழாத, கவிழ்ந்தாலும் உருளாத, கனமான குட்டை விளக்கொன்றை வடிவமைத்தார். அதற்காக 1998இல் சர்வதேச விருதும் பெற்றார். வெட்டித் தைக்கத் தெரிந்தவர், வெட்டித் தைக்கும் தேவையே வராமலிருக்க வழி தேடினார்.

ஏன் பெருகுகிறது?

இரண்டாவது கிளைதான் இன்று வேகமாக வளர்கிறது. சர்வதேச அழகியல் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைச் சங்கத்தின் கணக்கின்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 கோடியே 49 இலட்சம் அழகியற் சிகிச்சைகள் நடந்துள்ளன. அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 58 இலட்சம் கத்தி வைத்துச் செய்யப்பட்டவை. ஏனையவை ஊசி, லேசர் போன்றவை. செய்து கொண்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள்.

காரணங்கள் பல. செலவு முன்னரைவிடக் குறைந்துள்ளது. மதிய இடைவேளையில் போய் ஊசி போட்டு வரலாம் என்ற அளவுக்கு விளம்பரங்கள் வந்துவிட்டன. ஆனால் நம் வயதினருக்கு மிகப் பெரிய காரணம் கையிலுள்ள தொலைபேசி என்றே நான் நினைக்கிறேன்.

இதில் ஓர் ஒளியியல் பாடம் இருக்கிறது. கமராவுக்கு மிக அருகிலிருக்கும் பொருள் பெரிதாகவும் சற்றுத் தள்ளியிருப்பது சிறிதாகவும் பதியும். முகத்தில் கமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு. 2018இல் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் செல்பியில் மூக்கு, 5 அடித் தூரத்தில் எடுக்கும் படத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. அதாவது செல்பியைப் பார்த்து "என் மூக்கு பெரிது" என்று அழுபவள், உண்மையில் இல்லாத ஒரு மூக்குக்காக அழுகிறாள். அதன்மேல் முகத்தை மெலிவித்துத் தோலை வெளுப்பாக்கும் பில்டர்கள் வேறு. முன்பு நடிகையின் படத்தைக் காட்டி இப்படி ஆக்குங்கள் என்று வைத்தியரிடம் கேட்டார்கள். இப்போது பில்டர் போட்ட தமது படத்தையே காட்டிக் கேட்கிறார்கள்.

உடலினுள் நடப்பது

பொட்டொக்ஸ் என்று சொல்லப்படுவது ஒரு பற்றீரியாவின் நஞ்சு. நாம் படிக்கும் நரம்புத்தசைச் சந்தியில் அசற்றைல்கோலின் வெளிவருவதை அது தடுக்கிறது. தசை சுருங்காதபோது அதன் மேலுள்ள தோலும் சுருங்காது. மிகச் சிறிய அளவில் தருவதால் அவ்விடத்துத் தசை மட்டும் ஓய்கிறது. 3, 4 மாதங்களில் அந்த விளைவு நீங்கிவிடும், பிறகு மீண்டும் காசும் ஊசியும் வேண்டும். உதட்டையும் கன்னத்தையும் பெருப்பிக்கும் பில்லர் ஊசிகளில் பெரும்பாலும் ஹயலூரோனிக் அமிலம் உள்ளது. கைதேராதவர் போடும்போது அது தவறி நாடிக்குள் சென்றால் தோல் இறந்துபோகலாம். அரிதாகக் கண்பார்வையும் போகலாம்.

மூக்குச் சத்திரசிகிச்சையில் எலும்பையும் கசியிழையத்தையும் உடைத்து அல்லது செதுக்கி மாற்றுகிறார்கள். வீக்கம் முற்றாக வற்றி இறுதி வடிவம் தெரிய ஓராண்டு செல்லலாம். சிலருக்கு இரண்டாம் முறை செய்யவேண்டி வருகிறது. சிலருக்கு மூச்செடுப்பது சிரமமாகிறது. மயக்க மருந்து, குருதிப்பெருக்கு, கிருமித்தொற்று ஆகிய அபாயங்கள் எந்தச் சத்திரசிகிச்சைக்கும் உண்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இன்னொன்றும் உண்டு. வெட்டிய இடம் ஆறிய பின்னும் தழும்பு அளவுமீறித் தடித்து வளரும் கீலொயிட் என்ற நிலை கருமை கூடிய தோலில்தான் அதிகம் ஏற்படுகிறது. காது குத்திய இடத்தில் அப்படி வளர்ந்தவர்கள் கத்தியைத் தேடிப்போகுமுன் நன்கு யோசிக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இருவர்

என் பெரியம்மாவுக்கு இரு மகள்மார். மூத்த ராத்தாவுக்கு நான்கு வயதாயிருந்தபோது கொதிதண்ணீர்க் கேத்தல் கவிழ்ந்து கழுத்தும் நெஞ்சும் வெந்துவிட்டன. உயிர் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆறிய தோல் ஆண்டுதோறும் இறுகி, தாடையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. தொழுகையில் இடப்பக்கம் ஸலாம் கொடுக்கும்போது கழுத்து திரும்பாது, தோளோடு சேர்த்தே திரும்புவார். சத்திரசிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர் சொன்னபோது வீட்டில் பலர் தடுத்தார்கள். "பர்தாவுக்குள்ளே மறைந்துதானே இருக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள்? எதற்கு வீணாக வெட்டிக் கொத்துவது?" என்றார்கள். ராத்தா பிடிவாதமாக நின்றார். இரண்டு வருடங்களுக்கு முன் அரசாங்க வைத்தியசாலையில் இறுகிய தோலை விடுவித்து, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். தழும்பு போகவில்லை. ஆனால் இப்போது இரு பக்கமும் கழுத்தைத் திருப்பி ஸலாம் கொடுக்கிறார். தழும்பைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

இளைய ராத்தாவுக்கு இருபத்தொரு வயது. உடம்பில் ஒரு குறையுமில்லை. சென்ற வருடம் கலியாணம் பேசி வந்தவர்களில் ஒரு பெண்மணி, தேநீர் குடித்துவிட்டு எழும்பும்போது, "பிள்ளைக்கு எல்லாம் நல்லம், மூக்குத்தான் கொஞ்சம் சப்பை" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சு அதோடு நின்றது. அன்று முதல் வீட்டில் மூக்கே பேச்சானது. மூத்தவருக்கு வேண்டாம் என்று தடுத்த அதே உறவினர், "வளையல் இரண்டை வித்தாவது பிள்ளையின் மூக்கைச் சரிசெய்து விடுங்க" என்று பெரியம்மாவுக்கு யோசனை சொன்னார்கள். கழுத்தைத் திருப்ப முடியாதவளுக்குத் தேவையில்லை என்ற சிகிச்சை, ஒரு குறையுமில்லாதவளுக்கு அவசரமாகிப் போனது. முதலாவதில் பயன் பெறுபவள் அவள் மட்டுமே. இரண்டாவதில் பார்க்கிறவர்களின் கண்ணுக்குப் பயன்.

"நீ பயோ படிக்கிறாய்தானே, நீயே சொல்லு, செய்யவா?" என்று இளைய ராத்தா என்னிடம் கேட்டார். நானோ வைத்தியரல்ல. தெரிந்ததைச் சொல்லி, நிபுணர் ஒருவரைக் காணும்படி கேட்டுக்கொண்டேன். பெரியம்மாவோடு போனார். அந்த வைத்தியர் உடனே திகதி கொடுக்கவில்லை. மூச்சுவிடச் சிரமமா என்று சோதித்தார், இல்லை. எப்போதிருந்து உங்கள் மூக்கு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று கேட்டார். ராத்தாவால் சொல்ல முடிந்த ஒரே நாள், அந்தப் பெண்மணி வந்து போன நாள்தான். ஆறு மாதம் கழித்தும் இதே எண்ணம் இருந்தால் வாருங்கள், அப்போது பேசலாம் என்று அனுப்பிவிட்டார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. வளையல்கள் அலுமாரியிலேயே இருக்கின்றன. ராத்தா என்ன முடிவெடுப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முடிவு அவருடையதாக இருக்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன்.

மார்க்கம் காட்டும் எல்லை

அர்பஜா (ரழி) என்ற நபித்தோழர் இஸ்லாத்துக்கு முன் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் மூக்கு செய்து வைத்தார், அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. அப்போது தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குப் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட தங்கத்தையே இவ்விடத்தில் அனுமதித்திருப்பதிலிருந்து, இழந்ததை மீட்பதற்கு மார்க்கம் எவ்வளவு இடமளிக்கிறது என்பது புரிகிறது. மறுபுறம், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரை நபியவர்கள் கண்டித்ததாக இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு.

இவ்விரண்டையும் வைத்தே அறிஞர்கள் இவ்விடயத்தை ஆராய்கின்றனர். 2007இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பிறவிக் குறை, விபத்து, எரிகாயம் போன்றவற்றைச் சீர்செய்வதையும் உறுப்பின் தொழிலை மீட்பதையும் அனுமதித்தது. சிகிச்சைத் தேவையின்றி, ஆசைக்காகவும் பிறரைப் போல ஆவதற்காகவும் இயல்பான உருவை மாற்றுவதை அனுமதிக்கவில்லை. இடைநடுவான நிலைமைகளும் உண்டு. ஆகவே தமக்குரிய நிலையை ஓர் ஆலிமிடமும் நம்பிக்கையான வைத்தியரிடமும் சேர்த்தே கேட்டறிவது சிறந்தது.

முடிவெடுக்குமுன்

யோசித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் சில கேள்விகள்:

1. இந்த உறுப்பு தன் வேலையைச் செய்கிறதா? மூச்சு, பேச்சு, பார்வை, அசைவு ஆகியவற்றில் தடையிருந்தால் அது சிகிச்சைக்குரியது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. இந்தக் குறை எனக்கு எப்போது தெரிந்தது? யாராவது சொன்ன பிறகா? அவர் சொல்லாதிருந்தால் இன்று இதை நினைத்திருப்பேனா?

3. என் உடல் வளர்ந்து முடிந்துவிட்டதா? பதின்ம வயதில் மூக்கும் தாடையும் இன்னும் வளர்கின்றன. இன்று பெரிதாகத் தெரியும் மூக்கு, முகம் நிறைந்ததும் பொருந்திப்போவதுண்டு.

4. ஒரு நாளில் எத்தனை தடவை கண்ணாடி பார்க்கிறேன்? மற்றவர் கவனிக்காத சிறு குறையையே மணிக்கணக்கில் எண்ணி வெளியே போகவும் அஞ்சும் நிலை ஒரு மனநோய். ஏறத்தாழ நூறில் இருவருக்கு இது உண்டு என்கின்றனர். இவர்களுக்குக் கத்தி ஆறுதல் தருவதில்லை, மூக்கைத் திருத்தினால் கவலை கன்னத்துக்கு இடம்பெயரும். இவர்கள் முதலில் காண வேண்டியவர் மனநல வைத்தியர்.

5. செய்பவர் யார்? இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா? இத்துறையில் நிபுணத்துவம் பெற்றவரா? சிகை அலங்கார நிலையத்தில் ஊசி போடுபவர் வைத்தியரல்லர்.

6. பிழைத்துப்போனால் என்ன செய்வேன்? இரண்டாவது சிகிச்சைக்குப் பணமும் மனமும் இருக்கின்றனவா?

பார்ப்பவரின் கடமை

இறுதியாக ஒரு வரலாற்றுச் செய்தி. இரண்டாம் உலகப் போரில் எரிந்துபோன விமானப் படையினருக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிறு நகரில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ சிகிச்சையளித்தார். பல தடவை சத்திரசிகிச்சை செய்தும் அவர்களது முகங்கள் பழையபடி ஆகவில்லை. அதனால் அவர் ஊர் மக்களிடம் போய், இவர்கள் கடைத்தெருவுக்கு வருவார்கள், உற்றுப் பார்க்காதீர்கள், வீட்டுக்கு அழையுங்கள் என்று வேண்டிக்கொண்டார். மக்கள் அப்படியே செய்தார்கள். "உற்றுப் பார்க்காத ஊர்" என்று அந்நகர் பின்னாளில் பெயர் பெற்றது. வைத்தியரின் கையால் முடியாத மிச்சச் சிகிச்சையை ஊராரின் கண்கள் செய்தன.

அத்தகைய ஊராக நாமும் இருக்கலாம். ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்குர்ஆன் ஸூரத்துல் ஹுஜுராத்தில் தடுத்திருக்கிறது. "சப்பை மூக்கு", "கறுப்பி", "பல்லி" என்று வகுப்பில் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல், பத்து வருடங்களின் பின் ஒருத்தியைச் சத்திரசிகிச்சை மேசையில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கலாம். பெண் பார்க்கப் போகும் தாய்மார், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று கண்ணியமாகத் தெரிவித்தாலே போதும். முகத்தை அளந்து சொல்லிவிட்டு வரும் உரிமை, ஒரு கோப்பை தேநீரோடு யாருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

காயத்தை ஆற்றவும் குறையை நீக்கவும் அல்லாஹ் மனிதனுக்கு அளித்த இந்த அறிவை, தேவையுள்ளவர் தயங்காமல் நாடட்டும். தேவையில்லாதவரை அதன் பக்கம் தள்ளாமல், நம் நாவையும் பார்வையையும் காத்துக்கொள்வோம்.